டிசம்பர் ஊட்டிக்குக் கையால் பின்னிய ஸ்வெட்டரோடு போவது எப்படி: முதல் தடவை பின்னுபவர்களுக்கு

மேட்டுப்பாளையம் நடைமேடை, காலை ஆறரை மணி. நாள்கணக்கில் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டரை ஆறு வயதுப் பையனுக்கு மாட்டுகிறேன். அங்கே அவ்வளவு குளிர் கிடையாது. மலை ரயில் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுக்க ஆசை, அவ்வளவுதான். கழுத்து அவன் காதுக்கு மேல் வந்து நின்றுவிட்டது. இழுத்தேன், அழுதான். கடைசியில் பையிலிருந்த சின்னக் கத்தரியால் ஒரு பக்கத் தோள் தையலைப் பிரித்து, மாட்டிவிட்டு, இரண்டு ஊக்கு குத்தினேன். அந்த வருடப் படங்கள் எல்லாவற்றிலும் அவன் தோளில் ஊக்கு பளபளக்கிறது.

அடுத்த டிசம்பர் எல்லாம் சரியாக அமைந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள். வேறு ஊர்க்காரர்கள் ரயில் பகுதியை மட்டும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றுவது, நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள், கண்ணி முடிப்பது, இந்த நான்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாதென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், வீடியோ பார்த்தே பழகிவிடலாம்.

1. முதலில் காலண்டரை எடுங்கள், நூலை அப்புறம் எடுக்கலாம்

எல்லோரும் நூலில் ஆரம்பித்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால், நடுத்தர தடிமன் நூலில், ஏறக்குறைய 27,000 கண்ணி. புதிதாகப் பின்னுகிறவருக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 கண்ணி வரும். ஆக 25 மணி நேரம். பிரிப்பது, மறுபடி பின்னுவது, துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது எல்லாம் சேர்த்தால் 35 மணி நேரம். குழந்தைகள் தூங்கிய பிறகு தினமும் முக்கால் மணி நேரம் கிடைத்தால் 47 நாள். காய்ச்சல், பரீட்சை, தீபாவளிப் பலகாரம் இதெல்லாம் நடுவில் வரும். எனவே செப்டம்பர் முதல் வாரம் ஆரம்பித்தால்தான் டிசம்பர் முதல் வாரம் கையில் இருக்கும். நவம்பரில் ஆரம்பித்தால் ரயிலில் உட்கார்ந்து கை தைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் இருந்தேன்.

2. யாருக்கு என்ன என்பதை இப்போதே குறைத்துக்கொள்ளுங்கள்

குடும்பத்தில் நான்கு பேருக்கும் ஸ்வெட்டர் என்று கிளம்பாதீர்கள். வீட்டிலேயே சின்ன உருவத்துக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர், மற்றவர்களுக்குக் குல்லா. குல்லா ஒன்றுக்கு ஆறேழு மணி நேரம்தான் ஆகும். எட்டு ஒன்பது நாளில் முடிந்து கைக்கு வந்துவிடும். முடிந்த பொருள் ஒன்று கையில் இருந்தால் அடுத்ததைத் தொட மனசு வரும். அதனால் முதலில் குல்லா, அப்புறம் ஸ்வெட்டர்.

இன்னொரு குறுக்கு வழி: கையில்லாத ஸ்வெட்டர். மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். உள்ளே முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் பகல் நேரத்துக்குத் தாராளம். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் புல்லில் உறைபனி விழும். ராத்திரிக்குக் கடையில் வாங்கிய தடித்த ஜாக்கெட் ஒன்று எப்படியும் பையில் இருக்கட்டும்.

அத்தை, அதாவது என் மாமியார், ஆரம்பத்திலேயே சொன்னார்: "இருநூறு ரூபாய்க்கு ரோட்டோரத்துல கிடைக்குது, இதுக்குப் போய் கண்ணைக் கெடுத்துக்கறியே." உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்வார். பதில் சொல்ல வேண்டாம். முதல் குல்லாவை அவருக்குப் பின்னிவிடுங்கள்.

3. அளவு: மார்பு மட்டும் போதாது

குழந்தைக்கு நான்கு அளவு எடுங்கள்: மார்புச் சுற்று, தோளிலிருந்து இடுப்பு வரை நீளம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, தலைச் சுற்று. தலைச் சுற்றை விட்டதுதான் நான் செய்த தப்பு.

மார்பு 60 செ.மீ. என்றால் உள்ளே சட்டை போட இடம் வேண்டும், 8 செ.மீ. கூட்டி 68 என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நீளத்தில் 2 செ.மீ. கூடுதலாக விட்டு மடித்துவிட்டால் அடுத்த வருடமும் போடலாம்.

குல்லாவுக்கு இதற்கு நேர்மாறு. தலைச் சுற்றைவிட ஐந்து செ.மீ. குறைத்துப் பின்ன வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். குழந்தைத் தலை 52 என்றால் குல்லா 47. பெரியவர்களுக்கு 56 என்றால் 51.

4. நூல் வாங்குவது

இதில்தான் காசும் போகும், ஏமாற்றமும் நடக்கும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் "உல்லன் நூல்" என்று கேட்டால் வாசல் தோரணம், பொம்மை பின்னுகிற மெல்லிய நூலை எடுத்துப் போடுவார்கள். நிறம் கண்ணைப் பறிக்கும். உடம்பில் பட்டால் அரிக்கும். "ஸ்வெட்டர் பின்னுகிற நூல்" என்று சொல்லிக் கேளுங்கள். லேபிளில் டிகே அல்லது டபுள் நிட்டிங் என்று இருந்தால் அது நான் மேலே சொன்ன நடுத்தர தடிமன். ஃபோர் ப்ளை என்றால் அதைவிட மெல்லியது. அழகாக வரும், ஆனால் கண்ணிக் கணக்கு ஏறிவிடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

தேவைப்படும் அளவு, டிகே நூலில்: ஆறு வயதுக்கு முழுக்கை ஸ்வெட்டர் 250 முதல் 300 கிராம், குல்லா 60 முதல் 80 கிராம், மப்ளர் 150 முதல் 200 கிராம்.

பொறிகள் இவை:

சாய எண். லேபிளில் நிறத்துக்கு ஒரு எண், சாயம் ஏற்றிய தொகுதிக்கு இன்னொரு எண் இருக்கும். இரண்டாவதுதான் முக்கியம். ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு உருண்டைகள், வேறு வேறு தொகுதி என்றால், பகல் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். "இப்போ ரெண்டு வாங்கிக்கிறேன், தேவைப்பட்டா வர்றேன்" என்பது நடக்கவே நடக்காது. ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

"சுத்தமான கம்பளி" என்ற பேச்சு. ஒரு விரல் நீளம் வெட்டி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். அக்ரிலிக் மட்டமென்று சொல்லவில்லை. குழந்தைக்கு அரிக்காது, வாஷிங் மெஷினில் போடலாம், பூச்சி அரிக்காது. சென்னைப் புழுக்கத்தில் பதினோரு மாதம் பீரோவில் கிடக்கப்போகிற பொருளுக்கு அக்ரிலிக் கலந்த நூலே என் தேர்வு. கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்காமல் இருந்தால் போதும்.

அரிப்பு. கையில் தொட்டுப் பார்த்தால் தெரியாது. கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். குழந்தையைக் கடைக்கு அழைத்துப் போனால் அவன் கழுத்திலேயே வைக்கலாம். "குத்துது" என்றால் அந்த நூல் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

செலவு, நான் வாங்கியபோது: கலப்பு நூல் 100 கிராம் உருண்டை 140 ரூபாய் வீதம் ஆறு உருண்டை 840 ரூபாய். இரண்டு ஜோடி ஊசி 160. தைக்கிற மொட்டை ஊசியும் அளவு டேப்பும் 40. மொத்தம் 1,040 ரூபாயில் ஒரு ஸ்வெட்டர், நான்கு குல்லா. கடைக்குக் கடை மாறும். சுத்தமான கம்பளி என்று போனால் இதைப்போல மூன்று மடங்கு ஆகலாம்.

5. ஊசி எண் குழப்பம்

நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்தான் இருக்கும். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண் தலைகீழ்: அங்கே 8 என்றால் 5 மி.மீ. யூடியூபில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் "சைஸ் 8" என்றார், நான் நம் கடையில் 8 வாங்கினேன், குல்லா தேங்காய்க்குப் போடுகிற அளவில் வந்தது. எண்ணை மறந்துவிடுங்கள். மில்லிமீட்டர் மட்டும் பாருங்கள்.

டிகே நூலுக்கு 4 மி.மீ. ஒரு ஜோடி, ஓரப்பட்டிக்கு 3.25 மி.மீ. ஒரு ஜோடி. ரயிலிலும் பின்ன ஆசை என்றால் 4 மி.மீ. வட்ட ஊசி ஒன்று, அதாவது இரண்டு குட்டை ஊசியை ஒரு வயர் இணைத்திருக்கும், அதை வாங்குங்கள். நீட்டு ஊசி பக்கத்துச் சீட்டுக்காரர் விலாவைப் பதம் பார்க்கும்.

6. மாதிரித் துண்டு

அலுப்பான வேலை. ஆனாலும் செய்தே ஆக வேண்டும். 30 கண்ணி ஏற்றி, பன்னிரண்டு செ.மீ. உயரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். டிகே நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் 22 வர வேண்டும்.

22 வந்தால் 68 செ.மீ. ஸ்வெட்டருக்கு 150 கண்ணி; முன்பக்கம் 75, பின்பக்கம் 75. உங்கள் கை தளர்வாக இருந்து 20 வருகிறது, நீங்கள் அதைக் கவனிக்காமல் 150 ஏற்றிவிட்டீர்கள் என்றால் ஸ்வெட்டர் 75 செ.மீ. வரும். ஏழு செ.மீ. பெரிசு, அது அவனுடைய அக்காவுக்குச் சரியாக இருக்கும். 20 வந்தால் ஒரு படி மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். 24 வந்தால் ஒரு படி தடித்த ஊசி.

குழந்தைக் குல்லாவுக்கு 104 கண்ணி, தட்டையாகப் பின்னித் தைப்பதானால் தையலுக்கு இரண்டு கூட்டி 106. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 18 செ.மீ. பின்னி, நூலைக் கண்ணிகளுக்குள் விட்டுச் சுருக்கி இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு 112, கூட இரண்டு. உயரம் 21 செ.மீ.

மேலே குஞ்சம் கட்டுகிற வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். என் மகள் பதினோரு வயது, அட்டை வெட்டி நூல் சுற்றி நான்கு குஞ்சம் கட்டினாள். ஒன்று மட்டும் ஆரஞ்சு அளவில் வந்துவிட்டது. அதை அவள் அப்பா தலைக்கு ஒதுக்கிவிட்டோம்.

7. கழுத்து

இதற்கென்றே தனித் தலைப்பு. கழுத்துப் பட்டியைப் பின்னியபின் கண்ணி முடிக்கும்போது புதிதாகப் பின்னுகிறவர்கள் எல்லோருமே இறுக்கித்தான் முடிப்போம். பட்டி நீளும், முடித்த ஓரம் நீளாது. அதுதான் தலையைப் பிடித்து நிறுத்துகிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, முடிக்கும் வரிசைக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்து முடிப்பது. இன்னொன்று, இடது தோளைத் தைக்காமல் விட்டு மூன்று பட்டன் வைப்பது. பையனுக்கு இரண்டாவது வருடம் பட்டன்தான் வைத்தேன். எந்த வழி என்றாலும், கையைச் சேர்த்துத் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை தலையில் மாட்டிப் பாருங்கள். அப்போது தவறு என்றால் ஒரு வரிசை பிரித்தால் போதும்.

8. டிக்கெட்டும் இ-பாஸும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. முன்பு 120 நாள் இருந்தது. பழைய ஞாபகத்தில் இருக்காதீர்கள். இதில் ஒரு பொறி உண்டு. டிசம்பர் 25 இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால், மறுநாள் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். முதல் டிக்கெட் அக்டோபர் 26 திறக்கும், இரண்டாவது அக்டோபர் 27. ஒரே நாளில் இரண்டும் எடுக்கலாம் என்று உட்காராதீர்கள். மலை ரயிலில் இடம் குறைவு, அரைத்தூக்கத்தில் போனால் காத்திருப்புப் பட்டியல்தான். முன்பதிவுத் தளத்தில் ஊட்டி என்று தேடுவதைவிட உதகமண்டலம் என்று தேடுங்கள், குறியீடு யூஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி.

குழந்தை டிக்கெட்: ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஆறு வயது என்பதால் அரை டிக்கெட் என்று நினைத்து பட்ஜெட் போட்டு ஏமாந்தோம். இ-டிக்கெட்டில் பெயர் உள்ள பெரியவர் ஒருவரின் அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆதார் நகல் போதாது.

டிசம்பரில் இன்னொரு சிக்கல், வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த நிலையமான கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் மலை ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். பணம் திரும்பி வரும். ஆனால் குழந்தைகளின் முகத்தை என்ன செய்வது? முந்தின நாள் செய்தி பாருங்கள். ரத்து என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பேருந்தில் போய், குன்னூர் ஊட்டி இடையே ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம்தான், ஆனாலும் ரயில் ரயில்தான்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் செல்பேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரம் கேட்கும். தங்கும் விடுதியின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விடுமுறை நாட்களில் கடைசி நிமிடத்துக்கு வைக்காதீர்கள். அரசுப் பேருந்து, ரயில் என்றால் பாஸ் தேவையில்லை.

விமானத்தில் கோவை வருகிறவர்கள் ஊசி, கத்தரி எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். சோதனை வாசலில் நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாதி பின்னிய கண்ணிகளிலிருந்து ஊசியை உருவுவதைப் பார்ப்பது கொடுமை.

9. ரயிலில் பின்னுவது

எக்ஸ்பிரஸ் ரயிலில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குள் ஏதாவது பின்னினால் உண்டு. எளிதான வேலையை மட்டும் எடுத்துப் போங்கள்: மப்ளர், குல்லாவின் நேர்ப் பகுதி. கழுத்து, தோள் எல்லாம் வீட்டு வேலை.

மலை ரயிலில் உருண்டையை மடியில் வைக்காதீர்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற பாதை. என் உருண்டை மடியிலிருந்து விழுந்து சீட்டுகளுக்கு அடியில் ஓடியது. ஒரு தாத்தா காலால் நிறுத்தினார். திரும்பச் சுற்றுவதற்குள் குன்னூர் வந்துவிட்டது. இப்போது மஞ்சப்பைக்குள் உருண்டையைப் போட்டு, கைப்பிடியை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன். நூல் வந்த பிளாஸ்டிக் உறையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும்தான்.

உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து மணி நேரத்தில் நான் நான்கு வரிசைகூடப் பின்னவில்லை. குகை வரும்போதெல்லாம் பெட்டி முழுக்கக் கத்துகிறது, பையனும் கத்துகிறான், புகை வருகிறது, ஜன்னலில் அருவி. ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

10. ஊட்டியில்

ஸ்வெட்டர் முடியவில்லையா? தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் கடைகளில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை குளிரில் நடுங்குவதற்கு உங்கள் பின்னல் காரணமாகிவிடக் கூடாது. அந்தக் கடைகளில் பேரம் பேசலாம். மலையில் தோடர் எம்பிராய்டரி செய்த சால்வை பார்த்தால் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். துணியின் இழையை எண்ணிக் கையால் போடுகிற வேலை, புவிசார் குறியீடு பெற்றது. கண்ணி எண்ணிப் பழகிய பிறகு அதைப் பார்த்தால் விலை அதிகம் என்று சொல்ல வாய் வராது.

விடுதியில் ராத்திரி தீ மூட்டுவார்கள். அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்ட குழந்தையைத் தள்ளி உட்காரவையுங்கள். பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். உருகியது தோலிலும் ஒட்டும். ஹீட்டர் மேல் ஈர ஸ்வெட்டரைப் போட்டுக் காயவைப்பதும் வேண்டாம்.

11. திரும்பி வந்ததும்

அப்படியே மடித்து பீரோவில் வைக்காதீர்கள். வியர்வையும் எண்ணெயும் உள்ள துணியைத்தான் பூச்சி முதலில் தேடும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசுங்கள். கம்பளி கலந்ததை வெந்நீரில் போட்டால் சுருங்கி பொம்மைச் சட்டை ஆகிவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும், அதனால் பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். சென்னையில் ஜனவரியில் இரண்டு நாள் ஆகும்.

காய்ந்ததும் மிச்ச நூலில் ஒரு சின்ன உருண்டையை ஸ்வெட்டர் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள். முழங்கை கிழிந்தால் அதே சாய எண் வேறெங்கும் கிடைக்காது. எங்கள் வீட்டில் அந்த உருண்டையை அத்தை எடுத்துவிட்டார். தன் குல்லாவுக்குக் காது மூடும்படி இரண்டு பட்டி கேட்டிருக்கிறார், குரங்கு குல்லா மாதிரி.